ஆடி முதிர்ந்தவர்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கற்போர், ஐந்து வயதில் தொடங்கிய மாதவியின் ஏழாண்டுப் பயிற்சியையும், பன்னிரண்டாம் வயதில் அரசன் முன்னிலையில் அவள் ஏறிய அரங்கின் அளவுகளையும், பரிசாக அவள் பெற்ற 1008 கழஞ்சுப் பொன்னையும் நினைவில் நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் அவள் வலக்காலை முன்வைத்து ஏறி வலத் தூணருகே நின்ற சமயத்தில், இடத் தூணருகே வேறு சில பெண்கள் மரபின்படி தமக்குரிய இடத்தில் நின்றிருந்தார்கள் என்பதையும், நன்மை பெருகவும் தீமை விலகவும் வேண்டி அவர்கள் வாரம் பாடி முடித்த பின்னரே குழலும் யாழும் முழவும் ஒலிக்கத் தொடங்கின என்பதையும் பலர் கவனியாமலே கடந்து போகிறார்கள். தோரிய மகளிர் எனப்படும் அவர்களை ஆடி முதிர்ந்தவர்கள் என்று உரைகாரர் விளக்குவர். பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் முதல் ஆடலுக்கு அரங்கிலேயே முதுமை துணைநிற்க வேண்டும் என்று விதித்த நாடகத் தமிழ் மரபு, அந்த முதியவர்களுக்கு ஓரத்தில் ஆசனமிட்டு உபசரித்ததோடு அமையவில்லை. தூணருகே நிறுத்தி, அவர்களின்றி ஆடல் தொடங்காதவாறு அவர்களுக்கு ஒரு காரியத்தையும் கொடுத்திருந்தது.

நடனமும் திரைப்படமும் கூடிப் பிறந்த புதிய கலை அப்படியோர் இடத் தூணைத் தனக்கு அமைத்துக்கொள்ளவில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம். 1945இல் மாயா டெரென், டாலி பீட்டி என்னும் இளம் நர்த்தகரைக் கொண்டு எடுத்த, மூன்று நிமிடம்கூட நிறையாத படத்தில், காட்டில் உயர்ந்த கால் ஓர் அறைக்குள் வந்து இறங்குகிறது. தேசத்தையும் காலத்தையும் ஒரே தாவலில் கடக்க வல்லது கமரா என்பதைக் காட்டிய அபூர்வமான படம் அது. அதற்குப் பின் வந்தோர் அந்தத் தாவலின் வசீகரத்தில் மயங்கி, இளஞ்சரீரத்தின் வேகத்தையும் வளைவையும் விண்ணேகும் துணிவையும் பின்தொடர்ந்து ஓடுவதே நடனப் படத்தின் இயல்பு என்று கொண்டார்கள். கமராவுக்கு இன்னொரு சக்தியும் உண்டு. ஆயிரம் பேர் அமர்ந்த மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எவராலும் காணமுடியாத ஒரு புருவத்தின் அசைவை, கீழுதட்டின் ஓரத்தில் தோன்றி மறையும் சந்தேகத்தை, முத்திரையாக மலருமுன் விரல்களில் ஓடும் தயக்கத்தை அது அருகே சென்று காணக்கூடும். இந்தச் சக்திக்கு ஏற்ற விஷயம் முதிர்ந்த நர்த்தகரின் சரீரமே என்று சொல்வதற்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம்மவர் கண்ட முதிய நர்த்தகர் யார் என்று தமிழ்ச் சினிமா பார்ப்போரைக் கேட்டால், 1983இல் வெளிவந்த கே. விஸ்வநாத்தின் 'சலங்கை ஒலி'யில் வரும் பாலுவையே பலரும் சொல்வர். மழையில் நனைந்து, மதுவின் மயக்கத்தில், கிணற்றின் மீது அவன் ஆடும் காட்சி நம் ஞாபகத்தில் ஆழப் பதிந்துவிட்ட ஒன்று. அந்தப் பாலுவாக நடித்த கமல்ஹாசனுக்கு அப்போது வயது 28. படத்தின் மேன்மையையோ நடிகரின் சாதனையையோ குறைத்துச் சொல்லுவது என் நோக்கமன்று. ஆயினும் முதுமையை நரை பூசிய யௌவனத்தின் மூலமாகவே காட்ட முடியும் என்று அக்காலத்துத் திரைக்கலை நம்பியது என்பதையும், அந்த முதுமைக்குக் குடியும் நோயும் தோல்வியும் தவிர வேறு அனுபவங்களைக் கொடுக்க அதற்குத் தோன்றவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவன் ஆடலை இழந்தவனாகவும், தான் இழந்ததை ஓர் இளம்பெண்ணின் கால்களில் கண்டு கண்ணை மூடுகிறவனாகவும் வருகிறான். முதிர்ந்ததனாலேயே முன்னைவிட நன்றாக ஆடுகிற ஒருவர் நம் கதைகளில் அரிது.

கதையில் அரிதான அவர் நிஜத்தில் இருந்தார். தஞ்சாவூர் பாலசரஸ்வதியை 1935இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பார்த்தபோது சத்யஜித் ராய் பதினான்கு வயதுச் சிறுவர். பாலாவைப் பற்றிப் படமெடுக்க அவர் எண்ணியது 1966இல்; எடுத்தது 1976இல். பம்பாயின் தேசிய நிகழ்த்துகலை மையமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தயாரித்த, அரை மணிக்குச் சற்று மேற்பட்ட அந்த 'பாலா' உருவாகையில், 1918இல் பிறந்த பாலாவுக்கு 58 வயதாகியிருந்தது. பத்து வருஷம் பிந்திவிட்டதே என்ற குறை ராய்க்கு இருந்தது. ஐம்பத்தெட்டிலாவது படமெடுத்தது, எடுக்காமலே விட்டதைக் காட்டிலும் மேலல்லவா என்ற கருத்தில் அவர் சொன்னதாக அறிகிறோம். எல்லா விதத்திலும் நான் வணங்கும் அந்தக் கலைஞருடன் இந்த ஓர் அபிப்பிராயத்தில் மட்டும் என்னால் ஒத்துப்போக இயலவில்லை. தவறிப்போன நாற்பத்தெட்டு வயது பாலாவின் பதிலியாக ஐம்பத்தெட்டு வயது பாலாவைக் காண்பதைப் போல அந்தப் படத்துக்கு நாம் செய்யக்கூடிய அநீதி வேறில்லை.

படத்தில் இரண்டு ஆடல்கள் பிரதானம். ஒன்று, கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் யமுனா கல்யாணிப் பதம். கடற்காற்று விடாமல் வீசிச் சேலையைப் பற்றி இழுக்கிறது. அபிநயத்தின் நுண்மைக்கு அந்தக் காற்று இடையூறு என்றே எனக்குப் படுகிறது. கமராவும் விலகி நின்று, கடலையும் வானத்தையும் ஆடுகிறவரையும் ஒருங்கே ஏந்த விரும்புகிறது. இவ்வளவு இடையூறுகளுக்கிடையிலும் அந்தப் பதம் வெல்கிறது. குழந்தைக் கண்ணனை வா என்று அழைக்கும் இப்பதத்தை இளம் நர்த்தகியர் ஆடுகையில், அழைப்பை எத்தனை விதமாகக் காட்டலாம் என்பதில் அவர்களுடைய கற்பனை செல்லும். ஒரு சஞ்சாரி முடியுமுன் அடுத்தது முந்திக்கொண்டு வரும். பாலாவின் ஆடலிலோ அழைப்புக்கும் அழைப்புக்கும் இடையில் ஒரு காத்திருப்பு இருக்கிறது. குழந்தை வருமா என்று பார்க்கும் நேரம் அது; அந்த நேரத்தில் கை ஒன்றும் செய்வதில்லை, கண் மட்டும் தூரத்தை அளக்கிறது. ஒன்றும் செய்யாமல் நிற்கும் தைரியம் கலைஞருக்கு எளிதில் சித்திப்பதன்று. பாட்டி வீணை தனம்மாளின் விளம்பகாலச் சங்கீதத்தைக் கேட்டும், தாயார் ஜயம்மாளின் பாட்டுக்கு ஆடியும், குரு கந்தப்பப் பிள்ளையின் தண்டிப்பில் வளர்ந்தும், ஐம்பது வருஷ காலம் ஒரே பதங்களைத் திரும்பத் திரும்ப ஆடியும் பெற்ற தைரியம் அது. நாற்பத்தெட்டு வயதில் அது இருந்திருக்கலாம்; ஐம்பத்தெட்டில் இன்னும் பழுத்திருந்தது என்று படமே சாட்சி சொல்கிறது.

மற்றொன்று, படத்தின் இறுதியில் வரும் ராகமாலிகைப் பதவர்ணம். வர்ணம் என்பது ஆடுகிறவரின் முழங்காலையும் மூச்சையும் ஞாபகத்தையும் ஒருசேரச் சோதிக்கும் உருப்படி. ஜதிக் கோவைகளும் சாகித்தியத்தின் அபிநயமும் மாறி மாறி வந்து, இளைஞரையே களைக்கச் செய்வது. 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறியபோது கட்டிய அதே சலங்கையைக் கட்டிக்கொண்டு பாலா இதை ஆடுகிறார் என்று ராய் தம் விவரணையில் சொல்லுகிறார். அரைமண்டி முன்போல் தாழவில்லை என்றோ, சரீரம் பருத்துவிட்டது என்றோ குறை காண்போர் காணட்டும். பாதம் நிலத்தைச் சந்திக்கும் கணம் ஒன்றேனும் தாளத்தினின்று வழுவவில்லை. அதற்கும் மேலாக, ஜதி முடிந்து அபிநயம் தொடங்கும் இடத்தில் முகம் மாறும் விதம், இரண்டு வேறு காரியங்களைச் செய்கிற ஒருவருடையதாக இல்லாமல் ஒரே நினைவின் இரு நிலைகளாக இருக்கிறது. இங்கேதான் கமரா நெருங்கி வந்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் என் மனம் ஏங்குகிறது. மேடையைப் படம்பிடிக்கிற மரியாதையோடு ராய் தள்ளி நின்றார். மரியாதை பெரிது, ஆனால் தம் 'சாருலதா' படத்தில் சாருலதையின் முகத்தருகே அவ்வளவு அன்போடு சென்ற கமரா, பாலாவின் முகத்தருகே செல்லக் கூசியது ஏன் என்ற கேள்வி எனக்குள் தீராமல் இருக்கிறது.

1976க்கு முன்னும் பின்னும் வேறு சில நற்காரியங்கள் நடந்ததை மறக்கலாகாது. 1886இல் பிறந்த கதகளி ஆசான் செங்கன்னூர் ராமன் பிள்ளையைப் பற்றி அடூர் கோபாலகிருஷ்ணன் 1974இல் படமெடுத்தார். ஒடிசியின் கேளுசரண் மகாபாத்ரா அறுபதுகளின் நடுவில் இருக்கையில், அவரை வைத்துக் குமார் சஹானி 1991இல் 'பவாந்தரண'த்தை எடுத்தார். ஜப்பானியரான கஸுவோ ஓனோ, இளமையில் கண்ட ஸ்பானிய நர்த்தகி ஒருவரின் நினைவைத் தம் எழுபத்தொன்றாம் வயதில் ஆடலாக்கியவர். தொண்ணூறை எட்டும் தறுவாயில் அவர் நீர்க்கரையில் ஆடுவதை டேனியல் ஷ்மிட் 1995இல் வெளிவந்த தம் படத்தில் சேர்த்தார். விராலிமலை முருகன் கோயிலில் பொட்டுக்கட்டப்பெற்றுச் சதிர் பயின்ற முத்துக்கண்ணம்மாள், 2022இல் பத்மஸ்ரீ பெற்றபோது எண்பதைக் கடந்தவர். பாடிக்கொண்டே ஆடும் அவரைப் பல காணொளிகளில் இன்று எவரும் காணலாம். வைஜயந்திமாலா 2024இன் தொடக்கத்தில், 90 வயதில் அயோத்தியில் ஆடிய காட்சி, கையடக்கத் தொலைபேசிகள் வழியே இங்கே கொழும்பில் எங்கள் மாளிகாவத்தைத் தொடர்மாடிகள் வரை வந்து சேர்ந்தது.

ஆனால் பொதுவழக்கு வேறு. முதியவரைப் படமெடுக்க வருவோர் முதலில் தேடுவது ஒரு நாற்காலியை. அதில் அவரை அமர்த்தி, பின்னால் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தையோ குத்துவிளக்கையோ வைத்து, பழைய நாட்களைப் பற்றிக் கதைக்கச் சொல்லுகிறார்கள். அவர் சொல்லுவதற்கு உதாரணமாக இளம் மாணவி ஒருத்தி ஆடுவாள். மேற்கிலும் இதே வழிதான். 1957இல் எடுக்கப்பட்ட 'ஒரு நர்த்தகியின் உலகம்' என்ற படத்தில், 63 வயது மார்த்தா கிரஹாம் ஒப்பனை மேசை முன் அமர்ந்து பேச, அவருடைய குழுவினர் ஆடுகிறார்கள். கிரஹாம் அத்துடன் நின்றுவிடவில்லை என்பது நமக்கு ஆறுதல். அதன் பின்னரே, தாம் ஐம்பது வயதில் படைத்த 'அப்பலாச்சிய வசந்த'த்தில் வரும் இளம் மணப்பெண்ணாக அறுபதுகளின் நடுவில் கமரா முன் ஆடினார். சில வருஷங்களில் கிரேக்கத் துன்பியலின் அரசி யொகாஸ்தாவாகவும் ஆடினார். மணப்பெண்ணாக ஆடியது பொருந்தியதா என்று விமரிசகர் வாதிடுவர். என் கண்ணுக்கு யொகாஸ்தாவே பொருந்தியது. நடந்து முடிந்த ஒரு வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பாத்திரத்துக்கு, திரும்பிப் பார்க்க ஏதேனும் உள்ள ஒரு சரீரம் வேண்டியிருந்தது.

நாற்காலியை நான் முற்றிலும் பழிக்கவில்லை. பதினாறு வயதளவில் ஆடலை விட்டு, 1973இல் நாற்பத்தைந்தை நெருங்கிய பருவத்தில் மீண்டு வந்த கலாநிதி நாராயணன், அமர்ந்த நிலையிலேயே ஒரு பதத்துக்கு எத்தனையோ பாவங்களைக் காட்டித் தலைமுறைகளுக்கு அபிநயம் கற்பித்தார். அமர்ந்து ஆடுவதும் ஆடலே. நாற்காலியில் அமர்ந்தவரிடம் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு, ஆடலைக் கேட்காமல் திரும்பிப் போவதுதான் குறை.

எங்கள் தொடர்மாடியில், சங்கீத சபைப் பரீட்சைக்காகப் பரதம் பயிலும் சிறுமி ஒருத்தி, ஆசிரியைக்கு அனுப்புவதற்காகத் தன் ஆடலைத் தொலைபேசியில் பதிவுசெய்யக் கண்டிருக்கிறேன். தொலைபேசியை அண்ணன் பிடித்திருந்தான். "அம்மம்மா, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ, படத்துக்குள்ள வாறீங்கள்" என்று அவன் சொல்ல, அம்மம்மா சிரித்தபடி சுவரோரம் ஒதுங்கிக்கொண்டு, அங்கிருந்தே கையால் தாளம் போட்டாள். பதிவைப் பிறகு எனக்குக் காட்டினார்கள். தாளம் கேட்கிறது, கை இல்லை. பிள்ளைகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. சட்டகத்துக்குள் யார் இருக்கலாம், யார் ஒதுங்க வேண்டும் என்பதை அவர்கள் நாம் எடுத்த படங்களைப் பார்த்தே அறிந்திருக்கிறார்கள்.

முதியவரை ஆடவைத்துப் படமெடுப்பதற்குச் சில முறைகள் வேண்டும். அவை பெரும் பொருள் கேட்பன அல்ல. ஒரே அசைவைப் பத்துத் தடவை ஆடச்சொல்லிப் பத்துக் கோணத்தில் எடுக்கும் வழக்கம் முதியவருக்கு ஆகாது. இரண்டு மூன்று கமராக்களை ஒரே சமயத்தில் வைத்து, ஒரு முறை முழுமையாக ஆடுவதை எடுத்துக்கொள்வதே நன்று. சீமெந்துத் தரையில் ஆடச்சொல்லுதல் முழங்காலுக்குக் கொடுமை, மரத்தரை வேண்டும். இடையில் இளைப்பாற அவகாசம் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, வெட்டித் தொகுப்பவருக்குப் பொறுமை வேண்டும். கை செல்லும் திசையில் கண் செல்ல வேண்டும் என்பது நம் அபிநய சம்பிரதாயத்தின் அடிப்படை. முகத்தருகே போகும் ஆவலில் கையைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டால், கண் எதைப் பார்க்கிறது என்பது பார்ப்பவருக்கு விளங்காமல் போய், அபிநயம் வெறும் முகக்குறியாகிவிடும். முத்திரை பிறக்கும் கணத்தையும் அது கலையும் கணத்தையும் விட்டுவிட்டு, நிலைத்து நிற்கும் கணத்தை மட்டும் காட்டும் தொகுப்பும் இவ்விதமே பிழைபட்டது. எந்த இடத்தில் வெட்டலாம், எங்கே வெட்டினால் பதம் செத்துவிடும் என்பதை ஐம்பது வருஷம் ஆடியவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். ஆகையால் கமராவுக்கு முன்னால் மட்டுமன்று, தொகுப்பு மேசையிலும் அவருக்கு ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

முதுமையில் படைப்புச் சக்தி வற்றிவிடும் என்பாருக்கு மெர்ஸ் கன்னிங்ஹாமைக் காட்டலாம். மூட்டுவாதத்தால் தம் சரீரத்தை விரும்பியபடி அசைக்க இயலாத எழுபது வயதில், கணினியில் மனித உருவங்களை அசைத்துப் பார்த்து ஆடல் அமைக்கக் கற்றுக்கொண்டு, அதே காலத்தில் கடற்பறவைகளைப் பற்றிய தம் மேடைப் படைப்பைக் கமராவுக்கென்றே மாற்றியும் அமைத்தார். நமக்கு அணுக்கமான சந்திரலேகா, நெடுங்காலம் மேடையை விட்டிருந்து, 1985இல் 'அங்கிகா'வோடு மீண்டபோது வயது 56. 'சரீர'த்தைப் படைத்தபோது எழுபதைக் கடந்திருந்தார். ஈன் லால் அப்படைப்பைப் பற்றி ஆவணப்படம் எடுத்தமையால், ஒரு முதிய பெண் இளையவரின் உடலைக் கொண்டு சிந்திக்கும் முறையை நாம் அருகிருந்து காணமுடிகிறது.

மேடையால் இயலாததும் படத்தால் மட்டுமே இயல்வதுமான ஒன்றை வீம் வெண்டர்ஸின் 'பீனா'வில் கண்டேன். பீனா பௌஷ் 1978இல் படைத்த 'கொன்ராக்ற்ஹோஃப்' என்ற ஆடலை, 2000ஆம் ஆண்டில் தம் ஊராகிய வூப்பர்டாலின் 65 வயதுக்கு மேற்பட்ட, தொழில்முறையாக ஆடியிராத ஆண் பெண்களைக் கொண்டு மீண்டும் அமைத்தார். பின்னர் பதின்ம வயதினரையும் அதே ஆடலை ஆடச்செய்தார். 2011இல் வெளியான படத்தில் வெண்டர்ஸ் இந்த மூன்று குழுக்களையும் ஒன்றாகத் தொகுக்கிறார். பதினாறு வயதுப் பெண் தொடங்கிய ஓர் அசைவை எழுபது வயது மூதாட்டி முடிக்கிறாள். பற்களைக் காட்டி, தலைமயிரை ஒதுக்கி, தம்மைப் பிறர் பார்வைக்கு ஒப்புக்கொடுக்கும் அந்த எளிய அசைவுகள், இளையோரிடத்தில் நாணமாகவும் முதியோரிடத்தில் அச்சமற்ற விளையாட்டாகவும் தோன்றுகின்றன. டெரென் காட்டிலிருந்து அறைக்குத் தாண்டவைத்த காலை, வெண்டர்ஸ் ஒரு வயதிலிருந்து இன்னொரு வயதுக்குத் தாண்டவைத்தார் என்று சொல்லலாம். நம் பதங்களுக்கும் வர்ணங்களுக்கும் இம்முறை எவ்வளவு உகந்தது! ஒரே பதத்தைப் பேத்தியும் தாயும் பாட்டியும் ஆட, அம்மூவரையும் ஒரே தாளத்தில் கோத்து ஒரு படமாக்க நம்மிடையே யாரேனும் முன்வரலாகாதா?

இந்த மண்ணில் ஆடலைப் படம்பிடித்த வரலாறு புதிதன்று. 1934இல் பசில் ரைற் தேயிலைப் பிரசாரத்தை முன்னிட்டு எடுத்து, லயனல் வெண்ட்டின் குரலைத் தாங்கிய 'சோங் ஒஃப் சிலோன்' படத்தில், சிறுவர்கள் கண்டி நடனம் பயிலும் காட்சி இருக்கிறது. கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே சட்டகத்தில் வருகிறார்கள். தமிழ்க் கூத்துக்கு அந்தப் பாக்கியம் போதிய அளவு கிட்டவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றியபோது, பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர்கள் மட்டக்களப்பின் அண்ணாவிமார். அன்று ஆடிய மாணவருள் ஒருவரான மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மாணவரைக் கொண்டு 'இராவணேச'னைத் தாமே மீண்டும் நெறியாள்கை செய்தார். மாணவர் ஆசானாகி, அவரும் எண்பதைக் கடந்துவிட்டார்.

முதிய அண்ணாவியார் ஒருவர் தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டு, இளைஞனுக்கு ஒரு வரவாட்டத்தைக் காட்டுவதை வட்டக்களரியின் ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்: இளைஞன் களரி முழுதும் சுற்றி ஆடவேண்டிய ஆட்டத்தை அவர் நின்ற இடத்திலேயே, தோளின் ஒரு சாய்வாலும் குதிக்காலின் ஓர் எழும்பலாலும் சொல்லி முடித்துவிடுவார். ராஜாவின் வரவு எது, மந்திரியின் வரவு எது, பெண் பாத்திரத்தின் வரவு எது என்று அந்தச் சாய்விலேயே பேதம் தெரியும். பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு அது தெரியாமலும் போகலாம். இரண்டடியில் நிற்கும் கமராவுக்குத் தப்பாது. கூத்தைப் பதிவுசெய்ய வருவோர் விடிய விடிய நடக்கும் அரங்கேற்றத்தை, வெளிச்சமும் உடுப்பும் கிரீடமும் ஜொலிக்கத் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாதக்கணக்காக நடக்கும் பழக்கத்தின்போது, சாரமும் சால்வையுமாக, மத்தளத்தின் பக்கத்தில் நின்று அண்ணாவியார் ஆடிக்காட்டும் அந்தச் சுருங்கிய ஆட்டத்தையும் எடுக்க வேண்டும். அதை அவருக்கே திரையில் போட்டுக் காட்டி, எந்தத் துண்டு நிற்கலாம், எது போகலாம் என்று கேட்டுத் தொகுக்க வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கமரா வைத்திருக்கும் இளைஞர் பலர் உளர். மட்டக்களப்புக்கு இரவு ரெயிலும் உண்டு.